தீட்டும் தீமையும்: நற்செய்தி நூல்களில் பேயோட்டல், நோய்நீக்கப் பகுதிகளின் இரு தமிழாக்கங்கள்

தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புக் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் இறைவனைக் குறிக்கும் சொல் எது என்ற வினாவைச் சுற்றியே அமைந்துள்ளன. சருவேசுரன், பராபரன், தேவன், கடவுள் என்று அச்சொல் மாறிவந்த வரலாறு விரிவாகவே ஆராயப்பட்டுள்ளது. இறைவனுக்கு எதிர்நிலையில் நிற்பனவற்றின் பெயர்களும், நோய், நோய்நீக்கம் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களும் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. ஆயின் விவிலியத்தைக் கூடியிருந்து வாசிக்கும் எளிய மக்களிடையே அடிக்கடி ஐயம் எழுவது இப்பின்னைய சொற்களிலேயாகும். இறைவனின் பெயர் பழக்கத்தால் நிலைபெற்றுவிட்டது. பேயின் பெயர் இன்னும் நிலைபெறவில்லை.

இக்கட்டுரை இரு மொழிபெயர்ப்புகளை எடுத்துக்கொள்கிறது. ஒன்று, ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871-இல் முழுமையாக வெளிவந்து, இன்றும் தென்னிந்தியத் திருச்சபை முதலிய சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு. மற்றொன்று, கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உருவாக்கி 1995-இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம். ஒப்பீட்டுக்கு மாற்கு நற்செய்தியின் முதலாம், ஐந்தாம் இயல்களே முதன்மையாகக் கொள்ளப்படுகின்றன; தேவையான இடங்களில் மத்தேயுவும் லூக்காவும் துணையாகின்றன.

இவ்விரு நூல்களும் ஒரே அறைக்குள் சந்திக்கும் இடங்களில் மும்பை குறிப்பிடத்தக்கது. தாராவியின் தமிழ்க் குடியிருப்புகளில் கணிசமானவை பழைய திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் பெயர்ந்து வந்தோரால் உருவானவை. இரேனியசு பாளையங்கோட்டையிலிருந்து பணியாற்றிய காலம் முதல் அம்மாவட்டத்தில் வேரூன்றிய சீர்திருத்தச் சபைத் தமிழ் அவர்களோடு வந்தது. கத்தோலிக்கத் தமிழும் வந்தது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியேறிய அலுவலகப் பணியாளரின் தமிழ் வேறு வகையானது. வேதபாடக் கூட்டமாயினும் அன்பியமாயினும், ஒருவர் கையில் பழைய மொழிபெயர்ப்பும் மற்றொருவர் கையில் பொது மொழிபெயர்ப்பும், பள்ளியில் மராத்தியோ இந்தியோ பயின்ற இளையவர் கையில் அம்மொழி விவிலியமும் இருப்பது இங்கு இயல்பு. ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் தம் நூலைப் பார்த்துத் தொடரும்போது, நூல்கள் எங்கெங்கு விலகுகின்றன என்பது உடனே வெளிப்பட்டுவிடும். அறிஞர் குழுவின் மேசையில் தெரியாத விலகல் அவ்விடத்தில் காதில் விழும்.

பிசாசு, பேய், அலகை

கிரேக்க மூலத்தில் 'தியாபொலோசு' என்பது எப்போதும் ஒருமையில் வரும் தலைமைப் பகைவனின் பெயர். அவதூறு சொல்பவன் என்பது அதன் அடிப்பொருள். 'தைமோனியோன்' என்பது மனிதரைப் பற்றும் சிற்றாவி; பன்மையில் மிகுதியாக வரும். இரண்டும் வேறு சொற்கள், வேறு பொருள்கள். லூத்தரின் ஜெர்மானிய மொழிபெயர்ப்பு இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தது. 1611-ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பும் அவ்வாறே செய்தது. தமிழில் பழைய மொழிபெயர்ப்பு இரண்டுக்கும் 'பிசாசு' என்றே தந்தது. பாலைநிலத்தில் சோதிப்பவனும் பிசாசு. கப்பர்நகூமில் துரத்தப்பட்டவையும் பிசாசுகள். சீகன்பால்கு, பப்ரிசியுசு ஆகியோர் வழிவந்த தமிழ்ச் சபை மரபில் ஜெர்மானிய வழக்கின் நிழல் படிந்திருந்தது இயல்பே.

இதன் விளைவு சிறிதன்று. சிற்றாவிகள் ஒவ்வொன்றும் தலைமைப் பகைவனின் முழு வல்லமையையும் பெற்றுவிடுகின்றன. ஊரின் புளியமரத்தில் உறைவதாக நம்பப்பட்ட ஆவியும் மறுமையின் நரகாதிபதியும் ஒரே பெயரால் வழங்கும்போது, அச்சம் பெருகுமேயன்றிக் குறையாது. கால்டுவெல் திருநெல்வேலிப் பகுதி மக்களைப் பற்றி 1849-இல் எழுதிய நூலிலும், பின்னர்ப் பம்பாய் மானிடவியல் கழகத்தின் இதழில் எழுதிய கட்டுரையிலும், நாட்டார் தெய்வ வழிபாட்டைப் பேய் வழிபாடு என்றே வகைப்படுத்தினார். ஒப்பிலக்கணத்தில் அத்துணை நுண்மை காட்டிய அறிஞர், இசக்கியையும் சுடலைமாடனையும் விவிலியத்தின் சிற்றாவிகளோடு ஒரே தட்டில் வைத்தது அவர் காலச் சமயச் சொல்லாடலின் விளைவு. அவ்வகைப்பாடு தெற்கிலிருந்து மும்பைக்கு வந்த குடும்பங்களின் பேச்சிலும் உடன் வந்தது.

பொது மொழிபெயர்ப்பு இக்குழப்பத்தைத் தீர்த்தது. 'தைமோனியோன்' அதில் 'பேய்', 'தியாபொலோசு' 'அலகை'. வேறுபாட்டை மீட்டது பாராட்டுக்குரியது. ஆனால் தேர்ந்த சொல் வழக்கிறந்தது. திருக்குறள் 850-ஆம் குறளில் 'அலகை' வருகிறது. உலகத்தார் உண்டென்று கூறுவதை இல்லையென்று மறுப்பவனை அது குறிக்கிறது. எதிர்நிலையில் நின்று மறுப்பவன் என்ற அளவில் பொருத்தம் உண்டென்று வாதிடலாம். எனினும் தாராவியின் ஒற்றையறை வீட்டில் படிக்கும் ஒருவருக்கு 'அலகை' என்பது பொருளற்ற ஒலி. கோழியின் அலகு நினைவுக்கு வரக்கூடும். பேரகராதியைத் தேடவைக்கும் சொல் அச்சத்தைக் குறைக்கலாம், அறிவைக் கூட்டாது.

மராத்தி விவிலியம் சிற்றாவியைப் 'பூத்' என்கிறது. தமிழில் 'பூதம்' என்பது புதையல் காக்கும் பேருருவையும் ஐம்பெரும் பூதங்களையும் குறிக்குமேயன்றி, பற்றிப் பிடிக்கும் ஆவியைக் குறிப்பதில்லை. ஒலி ஒத்துப் பொருள் விலகும் இத்தகைய சொற்கள் இருமொழி வாசிப்பில் இடறச் செய்வன. அதனினும் நுட்பமானது 'ஆத்மா'. பழைய மொழிபெயர்ப்பில் உயிரைக் குறிக்க 'ஆத்துமா'வும், கிரேக்க 'ப்னியூமா'வுக்கு 'ஆவி'யும் வரும். மராத்தியிலும் இந்தியிலும் 'ப்னியூமா'வே 'ஆத்மா'. பள்ளியில் மராத்தி பயின்ற இளைஞர், அசுத்த 'ஆத்மா' ஒரு மனிதரை விட்டு வெளியேறியது என்று படித்துவிட்டுத் தமிழ் நூலைத் திறந்தால், அவருடைய ஆத்துமா வெளியேறியதாக, அதாவது அவர் இறந்ததாகப் பொருள்கொள்ள இடமுண்டு.

தீட்டு

இக்கட்டுரையின் முதன்மையான குறைகூறல் அடைமொழி ஒன்றைப் பற்றியது. மாற்கு, சிற்றாவிகளைக் குறிக்கப் பயன்படுத்தும் சிறப்புத் தொடரில் வரும் அடைமொழி 'அகாத்தர்த்தோசு'; தூய்மையற்ற என்பது அதன் நேர்பொருள். பழைய மொழிபெயர்ப்பு 'அசுத்த ஆவி' என்றது. பொது மொழிபெயர்ப்பு 'தீய ஆவி' என்கிறது. தூய்மையின்மை வேறு, தீமை வேறு. தீமையைக் குறிக்கக் கிரேக்கத்தில் தனி அடைமொழி உண்டு. லூக்கா 7:21, 8:2 ஆகிய இடங்களில் அது வருகிறது. அங்குப் பழைய மொழிபெயர்ப்பு 'பொல்லாத' என்று வேறுபடுத்தியது. மாற்குவில் ஆவியின் ஒழுக்கம் பற்றிய தீர்ப்பு இல்லை. தூய்மை, தூய்மையின்மை என்ற வகைப்பாட்டில் அதன் இடம் எது என்பதே அங்குச் சொல்லப்படுகிறது.

ஓர் அடைமொழி மாறினால் என்ன என்று கேட்கலாம். அதே முதலாம் இயலின் இறுதியில் தொழுநோயாளர் ஒருவர் வருகிறார். அவர் வேண்டுவதும் இயேசு கட்டளையிடுவதும் 'கத்தரீசோ' என்னும் வினையால் அமைந்துள்ளன. 'அகாத்தர்த்தோசு' என்பதும் இவ்வினையும் ஒரே வேரின. இயலின் தொடக்கத்தில் தூய்மையற்ற ஆவி. இறுதியில் தூய்மையாக்கப்படும் மனிதர். மாற்கு இவ்விரண்டையும் ஒரே சொற்குடும்பத்தால் இணைத்திருக்கிறார். பழைய மொழிபெயர்ப்பில் 'அசுத்த', 'சுத்தமாக்கு' என்று அவ்விணைப்பு அப்படியே தமிழில் கேட்கிறது. பொது மொழிபெயர்ப்பில் முதலிடத்தில் 'தீய'. பின்னிடத்தில் நோய் 'நீங்கு'தல். இணைப்பு அறுந்துவிடுகிறது, இரண்டு தனிச் செய்திகள் மிஞ்சுகின்றன.

ஐந்தாம் இயலில் இழப்பு இன்னும் பெரிது. கல்லறைகளிடையே வாழும் ஒருவர், தூய்மையற்ற ஆவிகள், பன்றிக் கூட்டம், பன்னிரண்டு ஆண்டுகள் குருதிப்போக்குற்ற பெண், இறந்துபோன சிறுமி. பிணம், பன்றி, குருதி ஆகிய மூன்றும் லேவியர், எண்ணிக்கை நூல்களின் தூய்மைச் சட்டங்களில் தீட்டுக்குக் காரணமானவை. மாற்கு இவற்றை அடுத்தடுத்து நிறுத்தியது தற்செயலன்று. தீட்டின் வகைகளை ஒவ்வொன்றாக எதிர்கொண்டு செல்லும் ஒருவரின் பயணமாகவே அவ்வியலின் அமைப்பு விளங்குகிறது. 'தீய ஆவி' என்ற தொடர் இவ்வமைப்பின் தலைவாயிலை அடைத்துவிடுகிறது.

இதில் வியப்புக்குரியது ஒன்றுண்டு. தமிழில் இதற்குரிய சொல் இல்லை என்று எவரும் கூற முடியாது. லேவியர் 13:45-இல், தொழுநோயாளர் தம் நிலையைக் குரலெழுப்பி அறிவிக்க வேண்டுமென்ற விதி உள்ளது. அங்கு அவர் எழுப்ப வேண்டிய சொல்லை இரு மொழிபெயர்ப்புகளுமே 'தீட்டு' என்று தமிழாக்கியுள்ளன. பழைய ஏற்பாட்டின் பண்டைய கிரேக்க ஆக்கத்தில் அவ்விடத்தில் நிற்பது 'அகாத்தர்த்தோசு'. மாற்குவின் ஆவிகளுக்குரிய அதே அடைமொழி. ஆகவே லேவியருக்கு வந்தபோது தீட்டு என்று அறிந்த மொழிபெயர்ப்பாளர், மாற்குவுக்கு வந்தபோது ஒருவர் அசுத்தம் என்றும் மற்றவர் தீமை என்றும் மொழிந்தனர். கத்தோலிக்க வழிபாட்டு ஒழுங்கில் இரண்டாம் ஆண்டுச் சுழற்சியின் பொதுக்காலம் ஆறாம் ஞாயிறன்று லேவியர் 13-ஆம் இயற்பகுதி முதல் வாசகமாகவும், மாற்கு 1:40-45 நற்செய்தியாகவும் அமைகின்றன. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பவர் இணைப்பைக் காணவேண்டும் என்பதே அவ்வமைப்பின் நோக்கம். தமிழில் கேட்பவருக்கு முதல் வாசகத்தில் 'தீட்டு' ஒலிக்கிறது; சில மணித்துளிகளில் வரும் நற்செய்தியில் அச்சொல்லின் சுவடே இல்லை.

பொது மொழிபெயர்ப்பினர் இவ்வாறு செய்தமைக்கு மதிப்பான காரணங்கள் இருந்திருக்க வேண்டும். 'அசுத்தம்' என்ற சொல் இன்றைய தமிழில் குப்பை, சாக்கடை ஆகியவற்றோடு சேர்ந்துவிட்டது. தொழுநோயாளரைச் 'சுத்தமாக்கு'தல் என்றால் குளிப்பாட்டுதல் போலத் தோன்றும். அவர் அழுக்கானவர் என்ற இழிவும் ஏறும். 'குஷ்டரோகி' என்பதைக் களைந்து 'தொழுநோயாளர்' என்று எழுதிய அதே மனப்பாங்கே இங்கும் செயற்பட்டுள்ளது. மும்பையில் இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. மாட்டுங்காவில் 1890-இல், அன்றைய மாநகராட்சி ஆணையர் ஆக்வர்த்தின் முயற்சியால், வீடற்ற தொழுநோயாளர்க்கான காப்பகம் திறக்கப்பட்டது. வடாலாவிலுள்ள ஆக்வர்த் தொழுநோய் மருத்துவமனை அதன் தொடர்ச்சி. தொழுநோயை மணமுறிவுக்குரிய காரணமாக வைத்திருந்த சட்டவிதிகள் இந்தியாவில் 2019-இல்தான் நீக்கப்பட்டன. இந்நிலையில் நோயாளரை இழிவுபடுத்தாத மொழியைத் தேடியதைக் குறைகூற இயலாது.

ஆயினும் இழிவுச்சொல்லை நீக்குவதும் இழிவு பற்றிய செய்தியை நீக்குவதும் ஒன்றல்ல. மாற்குவின் கதையில் அம்மனிதரைச் சமுதாயம் விலக்கிவைத்தது நோயின் பொருட்டு மட்டுமன்று, தீட்டின் பொருட்டு. அவர் குருவிடம் சென்று தம்மைக் காட்டவேண்டும் என்பதும் தீட்டு நீங்கியதற்கான சான்றின் பொருட்டேயாகும். நோய் நீங்கிற்று என்று மட்டும் சொன்னால், மருத்துவர் செய்ய வேண்டியதைக் குரு ஏன் செய்ய வேண்டும் என்ற வினா எஞ்சும்.

'தீட்டு' என்பது 'தீண்டு' என்னும் வினையோடு உறவுடைய சொல்லாகக் கருதப்படுகிறது. மாற்கு 1:41-இல் இயேசு கைநீட்டித் தொடுகிறார். 5:27-இல் குருதிப்போக்குற்ற பெண் அவருடைய ஆடையைத் தொடுகிறார். கிரேக்கத்தில் இரண்டிடத்தும் 'ஆப்தொமாய்' என்னும் ஒரே வினை. தீட்டு, தீண்டல், தீண்டாமை என்ற தமிழ்ச் சொற்குடும்பம் இக்கதையின் அச்சாணியை மூலமொழியினும் இறுக்கமாகப் பிடிக்க வல்லது. தாராவியில் இதன் பொருள் தெளிவானது. பாந்திரா இறைச்சிக்கூடத்துக்கு அண்மையில் வளர்ந்த தோல் பதனிடும் தொழிலில் தமிழர் பலர் உழைத்தனர். தோலைத் தொட்டவரைத் தொடாத சமுதாயத்திலிருந்து வந்த மக்களுக்கு, தொடுதல் என்ற செயலின் கனத்தை விரிவுரையால் விளக்கவேண்டிய தேவையில்லை. விளக்கம் தேவையற்ற அவ்விடத்தில் மொழிபெயர்ப்புச் சொல்லை விலக்கிக்கொண்டது.

எதிர்வாதம் ஒன்றை முன்கூட்டியே கருதவேண்டும். 'தீட்டு' என்ற சொல்லை நற்செய்திக்குள் கொணர்ந்தால், யூதச் சட்டத்தின் தூய்மை நெறியோடு சாதியின் தூய்மை நெறியைக் குழப்பிவிடும் என்பர். இவ்வாதம் தமிழ் வழக்கைக் கூர்ந்து நோக்காததன் விளைவு. தமிழில் தீட்டு என்பது பிறப்பு, இறப்பு, மாதவிடாய் முதலியவற்றால் வந்து, குறித்த காலத்திற்குப்பின் கழிவது. 'தீட்டுக் கழித்தல்' என்ற தொடரே இதற்குச் சான்று. பிறப்பால் வந்து கழியாததாகச் சுமத்தப்பட்டது தீண்டாமை. லேவியர் நூலின் தூய்மையின்மையும் வந்து கழிவதே. ஆதலின் பொருள்நிலையில் 'தீட்டு' லேவியருக்கு மிக அணுக்கமானது. மொழிபெயர்ப்பாளர் லேவியரில் அதைத் தயங்காது பயன்படுத்தியது சரியே. நற்செய்தியில் 'தீட்டு ஆவி' என்ற தொடர் செவிக்கு வன்மையாகவே இருக்கும்; 'தீட்டுடைய ஆவி' என்றோ, பழையபடி 'அசுத்த ஆவி' என்று வைத்து அடிக்குறிப்பில் லேவியரைச் சுட்டியோ அமைக்கலாம். தொழுநோயாளர் பகுதியில் 'தீட்டு நீங்குக' என்பது ஓசையாலும் பொருளாலும் இயல்பாகவே அமையும்.

பொது மொழிபெயர்ப்பின் 'தீய ஆவி' வேறோர் ஒலிச்சிக்கலையும் உடையது. அதில் திருத்துவத்தின் மூன்றாம் ஆளுக்குரிய பெயர் 'தூய ஆவி'. தூய, தீய என்பன ஓர் உயிரொலியால் மட்டுமே வேறுபடும் இணை. மாற்கு 3:29-30-இல் இவ்விரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. அங்குத் 'தூய ஆவியார்' என்று உயர்வு விகுதி சேர்த்திருப்பதால் ஓரளவு காப்புக் கிடைக்கிறது. மின்விசிறியும் தெருவோசையும் போட்டியிடும் அறையில், கண்பார்வை குறைந்த முதியவர் செவியால் மட்டும் தொடரும்போது, அவ்விகுதியே அவருக்குத் துணை.

பிடித்தலும் ஓட்டுதலும்

மாற்கு 1:23-இன் கிரேக்கத் தொடரை நேராகப் பெயர்த்தால், மனிதர் தூய்மையற்ற ஆவிக்குள் இருந்தார் என்று அமையும். பழைய மொழிபெயர்ப்பு 'அசுத்த ஆவியுள்ள' என்று உடைமையாக மாற்றியது. பொது மொழிபெயர்ப்பு 'பிடி' என்னும் வினையைச் சேர்த்தது. தமிழ் வழக்கில் பேய் பிடிக்கும். சாமி வரும், இறங்கும், ஆடும். மராத்தியில் தெய்வம் 'அங்காத் யேணே', உடலுக்குள் வருதல். எந்த வினை வந்தது என்பதைக் கொண்டே வந்தது பேயா தெய்வமா என்று தமிழ் கேட்பவர் முடிவு செய்துவிடுவர். ஆதலின் 'பிடி' இயல்பான தமிழ். எனினும் அது எல்லா இடத்திற்கும் பொருந்தாது. லூக்கா 13:11-இல் பதினெட்டு ஆண்டுகள் கூனியாயிருந்த பெண்ணின் நிலையைக் கிரேக்கம் வலுவின்மையின் ஆவி என்றே சொல்கிறது. பழைய மொழிபெயர்ப்பு 'பலவீனப்படுத்தும் ஆவி' என்று நெருங்கியது. பொது மொழிபெயர்ப்பு அங்கும் 'தீய ஆவி பிடித்து' என்று எழுதியது. அவ்விடத்தில் ஆவியை எவரும் துரத்தவில்லை, அதட்டவில்லை. அப்பெண் விடுவிக்கப்பட்டதாக மட்டுமே சொல்லப்படுகிறது. முதுகு வளைந்த பெண்ணைப் பேய் பிடித்தவராக்குதல் மூலத்தில் இல்லாத சுமை.

'எக்பாலோ' என்பதற்குப் பழைய மொழிபெயர்ப்பு 'துரத்து' என்றும், பொது மொழிபெயர்ப்பு 'ஓட்டு' என்றும் தருகின்றன. வெளியே எறிதல் என்பது மூலப்பொருள். 'பேயோட்டுதல்' தமிழில் ஒரு தொழிலின் பெயர். வேப்பிலை, உடுக்கை, சாட்டை ஆகியவற்றோடு சேர்ந்தே நினைவுக்கு வருவது. நற்செய்தி நூல்கள் இத்தொழிலுக்குரிய கிரேக்கச் சொல்லை இயேசுவுக்கு வழங்குவதில்லை. அது திருத்தூதர் பணிகள் 19:13-இல் யூத மந்திரவாதிகளுக்கே வருகிறது. ஆணையிட்டுக் கட்டும் வினை மாற்கு 5:7-இல் ஆவியின் வாயில் வருகிறது. பேயோட்டுபவர் பேயின்மேல் இடவேண்டிய ஆணையைப் பேய் இயேசுவின்மேல் இடுகிறது. இத்தலைகீழ் மாற்றத்தில் மாற்குவின் நகை உள்ளது. 'ஓட்டு' என்ற சொல் இயேசுவையும் அத்தொழிலாளர் வரிசையில் நிறுத்துவதால் அந்நகை மங்குகிறது. 'துரத்து' அவ்வளவு தொழிற்சாயல் உடையதன்று. இரு மொழிபெயர்ப்புகளும் ஒத்துவரும் 'அதட்டு' என்பதோ மிகச் சிறந்த தேர்வு. அடியும் கட்டும் இன்றிக் குரலால் மட்டும் நிகழும் செயல் அது.

இவ்வேறுபாடு கருதத்தக்கது என்பதற்கு மும்பையின் சட்டச் சூழலும் சான்று. நரேந்திர தாபோல்கர் 2013 ஆகஸ்டு 20-இல் புனேயில் கொல்லப்பட்டதையடுத்து அவசரச் சட்டமும், அவ்வாண்டு டிசம்பரில் மராட்டியச் சட்டமன்றத்தின் நிறைவேற்றமும் பெற்ற மாந்திரீகத் தடைச் சட்டம், பேய் ஓட்டுவதாகக் கூறி ஒருவரைக் கயிற்றாலோ சங்கிலியாலோ கட்டி அடிப்பதைக் குற்றமாக்கியது. தமிழகத்தில் 2001 ஆகஸ்டு 6-இல் ஏர்வாடியில் நேர்ந்த தீவிபத்தில் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் மாண்டனர். மாற்கு 5-இல் வரும் மனிதரையும் ஊரார் சங்கிலியால் கட்டினர். கதை அவர்கள் பக்கம் நிற்கவில்லை. இயேசு அவரைக் கட்டவுமில்லை, அடிக்கவுமில்லை. வேதபாடத்தை வழிநடத்துபவர் இவ்விடத்தைச் சுட்டிக்காட்டுவாராயின், மொழிபெயர்ப்பால் எட்டாததை விளக்கவுரை எட்டும்.

மத்தேயு 4:24, 17:15 ஆகிய இரண்டிடத்தும் மட்டும் வரும் 'செலேனியாசொமாய்' நிலவால் தாக்குண்ட நிலையைக் குறிப்பது. பழைய மொழிபெயர்ப்பு இரண்டிடத்தும் 'சந்திரரோக'ச் சொல்லையே தந்தது. பொது மொழிபெயர்ப்பு முதலிடத்தில் 'மதிமயங்கியோர்' என்றும், இரண்டாமிடத்தில் 'வலிப்பு நோய்' என்றும் பிரித்தது. 'மதி' நிலவையும் அறிவையும் குறிப்பதால் முன்னது நயமான சிலேடை. ஆனால் இரண்டும் ஒரே நோயென்று வாசகர் அறிய வழியில்லை. வலிப்பு என்று ஓரிடத்தில் துணிந்தவர் மற்ற இடத்திலும் துணிந்திருக்கலாம். மத்தேயு 4:24-இன் பட்டியல் பேய் பிடித்தோரையும் இந்நோயாளரையும் வெவ்வேறாக எண்ணுகிறது என்பதும் மறக்கத்தக்கதன்று.

அவன், அவர், அது

கிரேக்கத்தில் இல்லாத இரு வேறுபாடுகளைத் தமிழ் கட்டாயமாகக் காட்டவேண்டியுள்ளது: திணையும் மரியாதையும். பழைய மொழிபெயர்ப்பில் நோயாளர் அனைவரும் அவன், அவள். பொது மொழிபெயர்ப்பில் 'ஒருவர்', 'அவர்'. கூனியாயிருந்த பெண்ணைப் பழையது 'ஸ்திரீயே' என விளிக்க, பின்னது 'அம்மா' என விளிக்கிறது. இது பொது மொழிபெயர்ப்பின் மிகப் பெரிய நற்பணி. வேலையிடத்தில் 'நீ', 'ஏய்' என்றே அழைக்கப்பட்டுப் பழகிய ஒருவர், கல்லறையில் திரிந்த பித்தருக்கும் 'அவர்' வழங்கப்படுவதைப் படிக்கும்போது பெறுவதை எளிதில் அளவிட முடியாது. இலக்கண நிலையிலும் இதனால் நன்மை உண்டு. 'இவரை விட்டு' என்பதில் மனிதர் உயர்திணை, அதட்டப்படுவது 'அது'. மனிதர் வேறு, அவரைப் பற்றியது வேறு என்னும் பிரிப்பை ஒரு விகுதியே செய்துமுடிக்கிறது.

ஆனால் மாற்கு 5:9-இல் இயேசு பெயர் கேட்குமிடத்தில் இதுவே இடறுகிறது. கேட்கப்படுபவர் மனிதரா ஆவியா என்பதைக் கிரேக்கம் தெளிவாக்காமல் விட்டுள்ளது. கதையின் உயிர் அந்த மயக்கத்தில் உள்ளது. பொது மொழிபெயர்ப்பு 'உம்' என்று மனிதரிடம் கேட்கவைத்து மயக்கத்தைத் தீர்த்துவிட்டது. பழையதன் 'உன்' இருபாலும் பொருந்தும். விடையில் 'என்' என்ற ஒருமையும் 'நாங்கள்' என்ற பன்மையும் ஒரே மூச்சில் வருகின்றன. கேட்பவரை உட்படுத்தாத 'நாங்கள்' இங்கு மிகப் பொருத்தம். 'நாம்' வந்திருந்தால் பொருளே கவிழ்ந்திருக்கும். ஆவிகள் தம்மை எண்ணிக் கூறும் சொல் பழையதில் 'அநேகர்', புதியதில் 'பலர்', இரண்டும் உயர்திணை. நன்னூலார் மக்கள், தேவர், நரகர் ஆகியோரை உயர்திணை என்றார். அவர் பட்டியலில் பேய்க்கு வெளிப்படையான இடமில்லை. பழந்தமிழின் 'பேய்மகள்' உயர்திணை முடிபு பெறுவது. கதைசொல்பவர் 'அது' என்று சொல்ல, தம்மைப் பற்றிப் பேசும்போது பேய் உயர்திணைக்கு ஏறிக்கொள்வது, தமிழ் இலக்கணத்தின் கட்டாயத்தால் விளைந்த எதிர்பாராத நயம். இலேகியோன் என்ற பெயரோ இருநூலிலும் ஒலிபெயர்ப்பாகவே நின்று, ஆயிரக்கணக்கான உரோமைப் படைவீரரைக் கொண்ட பிரிவு என்ற பொருளை மறைத்துவிடுகிறது.

சொஸ்தம், இரட்சிப்பு, பிழைப்பு

'சோட்சோ' என்னும் கிரேக்க வினை நோயிலிருந்து நலம்பெறுதலையும் அழிவிலிருந்து மீட்கப்படுதலையும் ஒருங்கே குறிக்கும். மாற்கு ஐந்தாம் இயலில் அது மூன்று முறை வருகிறது. பழைய மொழிபெயர்ப்பு சிறுமியின் தந்தை வேண்டுமிடத்தில் 'ஆரோக்கியமடை' என்றும், குருதிப்போக்குற்ற பெண் தன்னுள் எண்ணுமிடத்தில் 'சொஸ்தமா'தல் என்றும், இயேசு அவளிடம் கூறுமிடத்தில் 'இரட்சி' என்றும் மூவகையாகப் பெயர்த்தது. தன் உடல் நலம்பெற வேண்டுமென்று வந்த பெண், ஆன்ம மீட்பு பெற்றுச் சென்றதாகப் பொருள் தொனிக்கிறது. பொது மொழிபெயர்ப்பு அவளிடம் கூறுமிடத்தில் 'குணமாக்கு' என்று உடல்நலத்திற்குத் திருப்பியது. ஆனால் கிரேக்கத்தில் அதே தொடர் லூக்கா 7:50-இல் பாவியெனப்பட்ட பெண்ணிடம் சொல்லப்படும்போது, பொது மொழிபெயர்ப்பு 'மீட்டது' என்கிறது. பழையது அங்கும் 'இரட்சி'. நோயாளிக்குக் குணம், பாவிக்கு மீட்பு என்று சூழல் நோக்கிப் பிரிப்பது நைடா 1964 முதல் வற்புறுத்திய ஆற்றல்நிகர் மொழிபெயர்ப்புக் கொள்கைக்கு இசைந்ததே. எனினும் மாற்குவும் லூக்காவும் பிரிக்காததைப் பிரிக்கும் உரிமை மொழிபெயர்ப்பாளர்க்கு எவ்வளவு என்பது கேட்கத்தக்க வினா.

அப்பெண்ணின் நோய்ப்பெயரில் பழைய மொழிபெயர்ப்பே விஞ்சுகிறது. 'பெரும்பாடு' என்பது தமிழ் மருத்துவ வழக்கிலும் பெண்கள் பேச்சிலும் வழங்கிய சொல். நோயையும் துன்பத்தையும் ஒருங்கே சொல்வது. 'இரத்தப்போக்கு' மருத்துவமனை அட்டையின் சொல். இளம்பெண்கள் பெரும்பாட்டை அறியார் என்பது உண்மையே. ஆயினும் தாராவியின் முதிய பெண்கள் அதை விளக்கமின்றி அறிவர், கூட்டத்தில் இளையவர்க்கு அவர்களே சொல்லித்தருவர்.

'சொஸ்தம்' சபைக்குள் மட்டுமே வழங்கும் சொல்லாகிவிட்டது. தன்னுள் நிலைத்திருத்தல் என்னும் அதன் வடமொழி வேர்ப்பொருள், மாற்கு 5:15-இல் தெளிந்த அறிவோடு அமர்ந்திருந்த மனிதரின் நிலைக்கு மிகப் பொருந்துமெனினும், பேசுவோர் எவர்க்கும் அது தெரியாது. அவர்கள் சுகம் என்பர், 'சுகமாயிட்டான்' என்பர். இரட்சிப்பு, குணம் ஆகிய இரண்டையும் ஒருசேரத் தாங்கும் பொதுத்தமிழ் வினை உண்டா என்றால், 'பிழை' என்பதைக் கருதலாம். இறப்பிலிருந்து தப்புதல், நோயிலிருந்து எழுதல், வாழ்க்கை நடத்துதல் ஆகிய மூன்றையும் அது குறிக்கும். பழைய மொழிபெயர்ப்பு சிறுமியின் தந்தை வாயில் வேறொரு கிரேக்க வினைக்கு இதைப் பயன்படுத்தியுள்ளது. தவறுதல் என்ற மற்றொரு பொருளும் இதற்கு உண்டு. அதுவே மொழிபெயர்ப்பாளரைத் தயங்கவைத்திருக்கலாம். ஆனால் சூழலில் அம்மயக்கம் எழுவதில்லை. மும்பைக்கு வந்த தமிழரிடம் ஏன் வந்தீர்கள் என்று கேட்டால், பிழைக்க வந்தோம் என்பர். அவ்வினையைக் கொண்டு மாற்கு 5:34-ஐயும் லூக்கா 7:50-ஐயும் ஒரே தொடராக அமைத்து, வேதபாடக் குழுக்களில் படித்துக்காட்டிக் கேட்டோர் என்ன பொருள்கொள்கின்றனர் என்று பதிவுசெய்வது, அடுத்த திருத்தத்துக்குமுன் செய்யத்தக்க களப்பணியாகும்.